வன்னியில் குடும்பத்துக்கு ஒரு மின்சார எஸ்.யூ.வி.: வீட்டு ஏர்த்திலிருந்து கொழும்புப் பயணம் வரை

கார் பார்க்கப் போவதற்கு முன் வீட்டு மீற்றர் பெட்டியைத் திறந்து பாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கே இருந்தாலும், மின்சாரக் கார் குடும்பத்துக்கு உதவியாக இருக்குமா உபத்திரவமாக இருக்குமா என்பது பெரும்பாலும் உங்கள் வீட்டு வயரிங்கில்தான் தங்கியிருக்கிறது. இன்றைய நடுத்தர எஸ்.யூ.வி. ஒன்றின் பற்றரி, வன்னிக்குள் ஓடும் சாதாரண நாளுக்குத் தாராளமாகப் போதும். காலை வாருவது பழைய சொக்கற், மெல்லிய வயர், கோடையில் காய்ந்த ஏர்த் ஆகிய மூன்றும்தான். இதுவரை றோட்டோரத்தில் இருந்த பெற்றோல் செட் இனி உங்கள் முற்றத்துக்கு வரப்போகிறது. அதற்கான காசைக் கார் விலையோடு சேர்த்து முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

கணக்குக்கு ஒரு அடிப்படை

பற்றரியின் கொள்ளளவைக் கிலோவாற் மணியில் சொல்வார்கள். மின்சாரப் பில்லில் வரும் ஒரு யூனிட்டும் அதுவும் ஒன்றே. ஆகவே கீழே எல்லாவற்றையும் யூனிட் என்றே சொல்கிறோம். உதாரணத்துக்கு பி.வை.டி. அட்டோ 3 காரை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய பற்றரி 60.48 யூனிட், சிறியது 49.92 யூனிட். ஐரோப்பிய சோதனை முறைப்படி பெரியது 420 கிலோமீற்றர், சிறியது 345 கிலோமீற்றர் ஓடும் என்று கம்பனி சொல்கிறது. வேறு கார் என்றாலும் பற்றரி அளவைத் தெரிந்துகொண்டால் இதே கணக்குப் பொருந்தும்.

வன்னியில் றோட்டு தட்டை. ஏ9 இல் மணிக்கு 70 கிலோமீற்றர் என்ற சட்ட வேகத்தில், ஏ.சி. போட்டு, நான்கு ஐந்து பேருடன் போனால் 100 கிலோமீற்றருக்கு 15 முதல் 16 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90க்கு மேல் மிதித்தால் 18, 19 என்று ஏறும். நாம் 16 என்று கணக்குப் போடுவோம். 60 யூனிட் பற்றரி முழுவதும் தீரும்வரை 375 கிலோமீற்றர். கையிருப்பாக 15 வீதத்தை விட்டுவிட்டால் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நம்பிப் போகக்கூடிய தூரம் இந்த 320 தான். விளம்பரத்தில் இருக்கும் 420 அல்ல.

வீட்டில் சார்ஜ்

காருடன் வரும் கையடக்கச் சார்ஜரை 13 அம்பியர் சதுரப் பிளக்கில் சொருகினால் 10 அம்பியர் அளவில் இழுக்கும். 230 வோல்ற் இருந்தால் அது 2.3 கிலோவாற். சார்ஜரிலும் பற்றரியிலும் ஏறத்தாழ 12 வீதம் வெப்பமாகப் போய்விடும்; பற்றரிக்குள் சேர்வது மணிக்கு 2 யூனிட். இரவு எட்டு மணித்தியாலம் போட்டால் 16 யூனிட், அதாவது 100 கிலோமீற்றர். பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி, கந்தோர் என்று ஒரு நாளில் 40, 50 கிலோமீற்றர் ஓடும் வீட்டுக்கு இதுவே போதும். ஆனால் 20 வீதத்தில் வந்து நிற்கும் காரை நூறுக்கு ஏற்ற 24 மணித்தியாலம் எடுக்கும். காலையில் திடீரென்று கொழும்புக்குப் போக வேண்டி வந்தால் இது கைகொடுக்காது.

அந்த 13 அம்பியர் சொக்கற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேத்தில் அதில் ஐந்து நிமிடம் ஓடும். கார் எட்டு மணித்தியாலம் ஒரே சீராக இழுக்கும். உள்ளே ஒரு ஸ்குரூ சற்றுத் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடாகி, பிளாஸ்ரிக் மஞ்சளாகிப் பழுப்பாகி, கடைசியில் உருகும். சார்ஜ் போட்டு ஒரு மணித்தியாலம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திச் சொக்கற்றை மாற்றுங்கள். மல்ரி பிளக், சுருட்டி வைத்த எக்ஸ்டென்சன் வயர், பழைய 15 அம்பியர் உருண்டை முனைப் பிளக்குக்குப் போடும் அடப்டர் ஆகிய மூன்றையும் காருக்குப் பாவிக்கவே கூடாது. சார்ஜரில் அம்பியரைக் குறைக்கும் வசதி இருந்தால் பழைய வீட்டில் 8க்கு இறக்குங்கள். இரண்டு மணித்தியாலம் கூடுதலாகப் போனாலும் சுவர் கருகாது.

நிரந்தரமாகச் சார்ஜ் போடப்போகிறீர்கள் என்றால் சுவர் சார்ஜர் ஒன்றைப் பூட்டுவதே சரி. இங்கே ஒரு தடை வரும். வன்னியில் பெரும்பாலான வீடுகளுக்கு மின்சார சபை தந்திருப்பது ஒற்றை முனை 30 அம்பியர் இணைப்பு. 7 கிலோவாற் சார்ஜர் தனியாகவே 32 அம்பியர் கேட்கும். விற்பவர் 7 கிலோவாற் என்று பெருமையாகச் சொல்லுவார். உங்கள் மெயின் சுவிட்ச் தாங்காது. இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: சார்ஜரை 16 அம்பியருக்கு மட்டுப்படுத்திப் பூட்டுவது. 3.7 கிலோவாற் வரும், பற்றரியில் மணிக்கு 3.3 யூனிட் சேரும். 20 இலிருந்து 100 வீதத்துக்கு ஏறத்தாழ 14½ மணித்தியாலம். அன்றாட ஓட்டத்துக்கு இரண்டு, இரண்டரை மணித்தியாலம். மற்றப் பாவனையையும் கூட்டிப் பாருங்கள். கேத்தில் 9 அம்பியர், ஒரு குதிரை வலு கிணற்று மோட்டர் 5 முதல் 6 அம்பியர், காருக்கு 16. மூன்றும் ஒன்றாக ஓடினால் 30 தாண்டிவிடும், மெயின் விழும். ஆகவே சார்ஜ் நேரத்தை எல்லோரும் படுத்த பிறகு, இரவு 10.30க்குப் பின் தொடங்கும்படி காரிலோ சார்ஜரிலோ வைத்துவிடுங்கள்.

இரண்டாம் வழி: மும்முனை 30 அம்பியர் இணைப்புக்கு விண்ணப்பிப்பது. கிணற்று மோட்டர், ஏ.சி., அரைக்கும் மெசின் எல்லாம் உள்ள வீட்டுக்கு இது நல்லது. ஆனால் பல கார்கள் வீட்டில் போடும் சாதா சார்ஜில் ஒரு முனையில் இருந்து மட்டுமே இழுக்கும். மும்முனை எடுத்தாலும் காருக்கு ஒரு முனைதான். அந்த முனையில் காரை மட்டும் விட்டு, மற்றப் பாரங்களை மிகுதி இரண்டுக்கும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். சார்ஜரை 25 அம்பியரில் வைத்தால் நிம்மதி.

வயர் தடிப்பில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். கடையில் 7/0.67 என்று தருவது 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், 7/0.85 என்பது 4, 7/1.04 என்பது 6, 7/1.35 என்பது 10. எங்கள் பக்கத்தில் காணி பெரிது; மீற்றர் பெட்டியில் இருந்து கார் நிற்கும் கொட்டில் 30 மீற்றர் தள்ளி இருப்பது சாதாரணம். 16 அம்பியருக்கு 30 மீற்றர் வரை 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போட்டால் வழியில் 5 வோல்ற் இழக்கும். அதே தூரத்துக்கு 2.5 போட்டால் 8 முதல் 9 வோல்ற். 32 அம்பியருக்கு 6 போட்டால் 7 வோல்ற். 40 மீற்றர் தாண்டினால் 10 சதுர மில்லிமீற்றர் வயர்தான். உள்ளூர்ப் பாதையின் கடைசி வீடுகளில் மாலையில் வோல்ற்றளவு ஏற்கெனவே 200க்கு இறங்கி நிற்பதுண்டு. சட்டப்படி 230க்கு ஆறு வீதம் கூடக் குறைய, அதாவது 216க்கும் 244க்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே தொடர்ந்து இருந்தால் மின்சார சபையில் எழுத்தில் முறையிடுங்கள். குறைந்த வோல்ற்றில் சார்ஜர் மெதுவாகும் அல்லது விட்டுவிட்டு நிற்கும். காரில் பிழை என்று ஏஜன்றிடம் ஓடுவதற்கு முன் ஒரு சாதாரண மல்ரிமீற்றரால் சொக்கற்றில் அளந்து பாருங்கள். சார்ஜ் ஓடும்போது ஒரு தடவை, நிறுத்திவிட்டு ஒரு தடவை. இரண்டுக்கும் இடையில் 10 வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் என்றால் வயரோ இணைப்போ பலவீனம்.

ட்ரிப் சுவிட்சும் ஏர்த்தும்

காருக்கென்று தனி எம்.சி.பி. (அளவுக்கு மிஞ்சிய கரண்ட் போனால் விழும் சுவிட்ச்), தனி ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் விழுவது) வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சோடு சேர்த்தால், நடு இரவில் சார்ஜர் விழுத்தும்போது குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்து நிற்கும். அதோடு, சாதாரணமாக விற்கும் ஏ.சி. வகை ட்ரிப் சுவிட்ச் மாறு மின்னோட்டக் கசிவை மட்டுமே உணரும். கார் சார்ஜரில் இருந்து நேர் மின்னோட்டம் கசிந்தால் அந்தச் சுவிட்ச் மரத்துப்போய், விழ வேண்டிய நேரத்தில் விழாமல் இருந்துவிடும். சுவர் சார்ஜருக்குள் 6 மில்லி அம்பியர் நேர் மின்னோட்டக் கசிவைக் கண்டு நிறுத்தும் பாதுகாப்பு இருந்தால் வெளியே ஏ வகை போதும். இல்லையென்றால் பி வகை வேண்டும், விலை கூட. சார்ஜர் வாங்கும்போதே இதைக் கேட்டு அறிந்துகொண்டால் அந்தச் செலவு மிச்சம்.

இனி ஏர்த். வன்னிக்கென்று உள்ள தனிச் சிக்கல் இதுதான். இலங்கையில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் சொந்த ஏர்த் கம்பிதான் ஆதாரம். ஆடி, ஆவணியில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது, முல்லைத்தீவு, மன்னார் மணல் நிலங்களில் குறிப்பாக, ஏர்த்தின் தடை பல மடங்காகக் கூடும். லைற்றும் பானும் அதைக் கவனிக்காது. கார் சார்ஜர் ஒவ்வொரு முறையும் ஏர்த்தைச் சோதித்த பிறகே கரண்டை விடும். சரியில்லை என்றால் சிவப்பு லைற்றைக் காட்டி நிற்கும். மாரியில் ஒழுங்காக வேலை செய்த சார்ஜர் கோடையில் அடம்பிடித்தால், ஏர்த் கம்பி இறக்கிய இடத்தில் மூன்று நான்கு வாளி தண்ணீர் ஊற்றி அரை மணித்தியாலம் விட்டு மறுபடி போடுங்கள். வேலை செய்தால் பழுது சார்ஜரில் இல்லை.

நிரந்தரத் தீர்வு இரண்டாவது கம்பி. 1.5 மீற்றர் செப்புப் பூசிய கம்பி ஒன்றை முதலாவதில் இருந்து குறைந்தது இரண்டு மீற்றர் தள்ளி, கிணற்றடித் தண்ணீர் ஓடும் பக்கமாக அல்லது குளியலறைக் கழிவு நீர் போகும் இடத்துக்குக் கிட்ட இறக்கி, இரண்டையும் 10 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரால் இணைக்கச் செய்யுங்கள். வாழை நிற்கும் இடம் மிக நல்லது, வருடம் முழுக்க ஈரம் இருக்கும். வயரிங் செய்பவரிடம் ஏர்த் மீற்றர் இருந்தால் கோடையில் அளக்கச் சொல்லுங்கள். 200 ஓம் தாண்டினால் அதை நம்பக்கூடாது. 50க்குக் கீழே கொண்டுவர முயலுங்கள். கம்பியைப் பிடிக்கும் கிளிப் பச்சை பிடித்து இற்றுப்போவது வழமை. ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன் அதைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடி மின்னல் வரும் காலங்களில் சார்ஜர் இணைப்பில், மின்னலால் திடீரென ஏறும் வோல்ற்றைத் தடுக்கும் சேர்ஜ் அரெஸ்ரர் ஒன்று இருப்பது நல்லது. இருந்தாலும் இடி கேட்கத் தொடங்கியதும் காரில் இருந்து சார்ஜர் துப்பாக்கியை, அதாவது காரில் சொருகும் கைபிடி முனையைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய துப்பாக்கியின் வாயை மூடியால் மூடி, நிலத்தில் இருந்து ஒரு மீற்றருக்கு மேல் தொங்கவிடுங்கள். மூடாமல் விட்டால் ஒரு வாரத்துக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். மண் புகுந்த முனையைக் காரில் சொருகினால் இரண்டு பக்கமும் பழுது.

பில்லும் சூரியத் தகடும்

மாதம் 1000 கிலோமீற்றர் ஓடினால் 160 யூனிட், இழப்போடு சேர்த்து ஏறத்தாழ 180. வீட்டுக் கட்டணம் படி முறையில் ஏறும். 180 யூனிட்டுக்கு மேல் போனால் உச்சப் படி. இதுவரை 90 யூனிட் பாவித்த வீடு 270க்குப் போகும்போது காரின் யூனிட்டுகளில் பாதி அந்த உச்ச விலையில் விழும். பெற்றோலோடு ஒப்பிடும்போது பழைய பில்லின் சராசரி விலையை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம். காருக்காக மேலே சேரும் யூனிட்டுகளின் விலையை வையுங்கள்.

நேர அடிப்படைக் கட்டணத்தில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை விலை குறைவு, மாலை 6.30 முதல் 10.30 வரை மிகக் கூட. உங்கள் இணைப்புக்கு அதற்கு மாற முடியுமா என்று மின்சார சபையின் பாவனையாளர் சேவை நிலையத்தில் கேளுங்கள். மாறினால் மாலைச் சமையல் நேரப் பாவனையும் அந்தக் கூடிய விலையில் விழும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சூரியத் தகடு வன்னிக்கு நன்றாகப் பொருந்தும். வெயில் தாராளம், கூரையில் நிழல் குறைவு. ஒரு கிலோவாற் தகடு மாதம் ஏறத்தாழ 110 முதல் 120 யூனிட் தரும். மாதம் 1000 கிலோமீற்றருக்கு 550 வாற் தகடுகள் மூன்று போதும். வீட்டையும் சேர்த்து நினைத்தால் 5 கிலோவாற். கார் பகலில் வீட்டில் நிற்கும் குடும்பம் என்றால் காலை 9 முதல் பின்னேரம் 3 வரை 8 அல்லது 10 அம்பியரில் மெதுவாகப் போட்டால், தகட்டில் இருந்து வருவதை அப்படியே கார் குடிக்கும். மார்கழி, தை மழை முகிலில் உற்பத்தி இறங்கும்; அந்த இரண்டு மாதமும் இரவுக் கரண்டை நம்ப வேண்டியதுதான்.

ஓடும் தூரம்

60 யூனிட் பற்றரியை வைத்து, 16 யூனிட் கணக்கில்: கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்ப ஏறத்தாழ 135 கிலோமீற்றர், 36 வீதம். முல்லைத்தீவில் இருந்து மாங்குளம் வழியாக வவுனியா போய்த் திரும்ப ஏறத்தாழ 190, பாதி பற்றரி. வவுனியாவில் இருந்து மன்னார் போய்த் திரும்ப ஏறத்தாழ 160, 43 வீதம். எதற்கும் வழியில் சார்ஜ் தேவையில்லை. மடு ஆவணித் திருவிழா, வற்றாப்பளைப் பொங்கல் நாட்களில் வாகன நெரிசலில் ஊர்ந்தாலும் மின்சாரக் கார் நிற்கும்போது ஏ.சி.க்கு மட்டும்தான் செலவு செய்யும்.

அந்த ஏ.சி.யின் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. அது தூரத்துக்குச் செலவாவதில்லை, நேரத்துக்குச் செலவாகிறது. 36 பாகை வெயிலில் நின்ற காரைக் குளிராக்க முதல் பத்து நிமிடம் 2 முதல் 3 கிலோவாற் இழுக்கும், பிறகு ஒன்றேகால் கிலோவாற் அளவில் நிற்கும். 70 இல் ஓடினால் 100 கிலோமீற்றருக்கு 2 யூனிட்கூட இல்லை. கிரவல் றோட்டில் 30 இல் ஊர்ந்தால் அதே ஏ.சி. 100 கிலோமீற்றருக்கு 4 யூனிட். உள்ளூர் ஒழுங்கைகளுக்குள்ளேயே ஓடும் கார், ஏ9 இல் ஓடும் காரைவிடக் கூடச் சாப்பிடுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன், சார்ஜரில் இருக்கும்போதே ஏ.சி.யைப் போட்டுவிட்டால் முதல் சுமை வீட்டுக் கரண்டில் போகும். வேம்பு, மா நிழலில் நிறுத்துவதும் பற்றரிக்கு நல்லது.

காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை கச்சான், சோளகம் அடிக்கும் காலத்தில் பூநகரியில் இருந்து மன்னார்ப் பக்கம் ஏ32 இல் தெற்கே போனால் எதிர்க் காற்று. 2020 இல் மன்னாரில் திறந்த தம்பபவனிக் காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் இதே காற்றுத்தான். 70 இல் ஓடும் காருக்கு எதிரே 30 கிலோமீற்றர் வேகக் காற்று வந்தால் காற்றுத் தடை இரண்டு மடங்கு. மொத்தச் செலவு 20 முதல் 30 வீதம் கூடலாம். ஆனையிறவு, சங்குப்பிட்டிப் பாலம் போன்ற திறந்த இடங்களில் நன்றாகத் தெரியும். அந்த மாதங்களில் 16க்குப் பதில் 20 யூனிட் என்று கணக்குப் போட்டு, 60க்கு வேகத்தைக் குறைத்தால் சரி.

கொழும்புப் பயணம்

கிளிநொச்சியில் இருந்து கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீற்றர், 53 யூனிட். கணக்குப்படி 12 வீதத்தோடு போய்ச் சேரலாம். ஆனால் பிள்ளைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு அப்படிப் போகக்கூடாது. 100 வீதத்தில் புறப்பட்டால் 180 கிலோமீற்றரில் தம்புள்ளை. அங்கே 52 வீதம் இருக்கும். தம்புள்ளை முதல் குருநாகல் வரையான பகுதியில் ஒரு வேக சார்ஜரைத் தெரிவு செய்து, சாப்பிடும் நேரத்தில் 80 வீதம் வரை ஏற்றுங்கள். 17 யூனிட்தான், 40 கிலோவாற் சராசரியில் ஏறத்தாழ 25 நிமிடம். மிகுதி 150 கிலோமீற்றருக்குப் பிறகும் 40 வீதம் மிஞ்சும். 80க்கு மேல் வேக சார்ஜில் காத்திருப்பது வீண். பற்றரி தானாகவே மெதுவாக்கிவிடும்.

புறப்படும் முன் சார்ஜர் நிறுவனத்தின் செயலியில் அது இயங்குகிறதா என்று பார்த்து, தொலைபேசியிலும் கேளுங்கள். அதோடு முதலாவது வேலை செய்யாவிட்டால் போக இரண்டாவது ஒன்றைக் குறித்து வையுங்கள். 50 கிலோமீற்றருக்கு 13 வீதம் என்பதை மனதில் வைத்தால் எப்போது முடிவெடுக்க வேண்டும் என்பது தெரியும். வவுனியாவில் இருந்து போவோருக்கு 255 கிலோமீற்றர் மட்டுமே. பெரிய பற்றரி நிற்காமல் போகும், சிறிய பற்றரிக்கு ஒரு நிறுத்தம் வேண்டும்.

வேக சார்ஜ் முனைதான் பழைய காரோ இறக்குமதிக் காரோ வாங்குவோர் அதிகம் தவறவிடும் விடயம். ஐரோப்பிய அமைப்பில் வருவது சி.சி.எஸ். 2. ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக் காரில் ஷாடெமோ, சாதா சார்ஜுக்கு ரைப் 1. சீன உள்நாட்டுச் சந்தைக் காரில் ஜி.பி./ரி. பெயரும் உருவமும் ஒன்றாக இருந்தாலும் வாய் வேறு. சாதா சார்ஜுக்கு அடப்டர் கிடைக்கும், பிரச்சினை இல்லை. வேக சார்ஜுக்கு அடப்டரை நம்பிக் கொழும்புப் பயணம் வைக்க வேண்டாம். காரைப் பார்க்கும்போது மூடியைத் திறந்து வாயைப் படம் எடுத்து, நீங்கள் போகும் பாதையில் உள்ள சார்ஜருக்குப் பொருந்துமா என்று கேட்ட பிறகே முற்பணம் கொடுங்கள்.

கார்ப் பற்றரியில் பெரும்பாலும் இரண்டு வகை. எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பொஸ்பேற்) பற்றரி உள்ள காரை வாரம் ஒருமுறை 100க்கு ஏற்றுவது நல்லது. இல்லாவிட்டால் வீதம் காட்டும் மீற்றர் பிழையாகக் காட்டத் தொடங்கும். என்.எம்.சி. (நிக்கல், மங்கனீஸ், கோபால்ற் கலந்த) பற்றரி என்றால் அன்றாடம் 80, பயணத்துக்கு மட்டும் 100. எது என்று கையேட்டில் இருக்கும்.

கிரவல், வெள்ளம், ரயர்

அட்டோ 3 நிலத்தில் இருந்து 175 மில்லிமீற்றர்தான் உயரம், அதுவும் வெறுமையாக நிற்கும்போது. பின்னுக்கு மூன்று பேரும் நெல் மூட்டையும் ஏற்றினால் இன்னும் இறங்கும். ஐந்து பெரியவர்கள் ஏறினாலே 325 கிலோ. அதற்கு மேல் ஒரு மூட்டைதான் ஏற்றலாம். பற்றரி தரைக்குக் கீழே இருப்பதால் வாய்க்கால் கட்டு, உடைந்த மதகு, றோட்டின் நடுவில் முண்டி நிற்கும் கல் எல்லாம் பெற்றோல் காரைவிட ஆபத்து. அடிபட்ட சத்தம் கேட்டால் அன்றே குனிந்து பாருங்கள். பற்றரிப் பெட்டி நெளிந்திருந்தால் சார்ஜ் போடாமல் ஏஜன்றுக்குக் காட்டுங்கள்.

பல மாதிரிகளில் ஸ்பெயார் ரயர் இல்லை, ஒட்டும் திரவமும் பம்பும்தான். கிரவல் கல் ரயரின் பக்கத்தை வெட்டினால் அந்தத் திரவம் உதவாது. றிம்மோடு ஒரு ஸ்பெயார் வாங்கிப் பின்னுக்கு வையுங்கள். ரயர் கடையில் நீங்களே நின்று ஜாக் வைக்கும் இடத்தைக் காட்டுங்கள். பழக்கத்தில் நடுத் தரைக்குக் கீழே ஜாக்கை வைத்தால் பற்றரிப் பெட்டி நசியும். சேவிஸ் ஹொய்ஸ்ற்றிலும் அப்படியே. சேற்றில் புதைந்தால் நியூட்ரலில் போட்டு, இழுக்கும் கொக்கியில் கயிறு கட்டி, உழவு இயந்திரத்தால் சில மீற்றர் மெதுவாக இழுக்கலாம். றோட்டில் கயிறு கட்டிக் கிலோமீற்றர் கணக்கில் இழுத்துப்போனால் மோட்டர் பழுதாகும். லொறியில் ஏற்றத்தான் வேண்டும்.

2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பற்றரி நீர் புகாதது என்று எழுதியிருப்பதை நம்பிப் பாயும் வெள்ளத்துக்குள் விட வேண்டாம். சில்லின் நடுக்குமிழ் மட்டத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் திரும்புங்கள். மழைக்கால அறிவித்தல் வந்ததும் காரை 100க்கு ஏற்றி மேட்டில் நிறுத்துங்கள். தரை மட்டத்துக்கு மேல் தண்ணீர் நின்ற காரை, முக்கியமாக உப்பு நீர் என்றால், சார்ஜ் போடவும் கூடாது, ஓடிப் பார்க்கவும் கூடாது. அப்படி நனைந்த பற்றரி பிறகு தீப்பற்றக்கூடும் என்பதால், வீட்டை ஒட்டி நிற்கும் காரைத் தள்ளி வைப்பதும் அவசியம்.

சத்தம் இல்லாத கார் என்பதால் இரவில் சூடான தாரில் படுத்திருக்கும் மாடுகள் எழும்பாது. யானை கடக்கும் காட்டுப் பகுதிகளில் 50க்கு மேல் போகாமல் இருங்கள்.

கரண்ட் இல்லாத இரவில்

வெளியே கரண்ட் தரும் வசதி உள்ள காராக வாங்கினால் மாரிக்கு அது பெரிய உதவி. 3.3 கிலோவாற் வரை தரும் மாதிரிகள் உண்டு. குளிர்சாதனப் பெட்டி, மூன்று பான், லைற், தொலைபேசி எல்லாம் சேர்த்து 350 வாற் என்றால் பத்து மணித்தியாலத்துக்கு மூன்றரை யூனிட், பற்றரியில் 6 வீதம். அரைக் குதிரை வலு மோட்டர் பொதுவாக ஓடும். ஒரு குதிரை வலு மோட்டர் தொடங்கும்போது பல மடங்கு இழுத்துக் காரை நிறுத்திவிடக்கூடும். பொருட்களை நேராகக் காரின் சொக்கற்றில் இருந்து வரும் வயரில் சொருகுங்கள். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் வீட்டுச் சொக்கற்றுக்குள் கரண்ட் ஏற்றுவது கொலைக்குச் சமம். மெயின் வழியாக அது றோட்டுக் கம்பிக்குப் போய், பழுது பார்க்க ஏறியவரின் உயிரை எடுக்கும். வீடு முழுவதற்கும் கொடுக்க வேண்டுமென்றால், றோட்டுக் கரண்டைத் துண்டித்துக் கார்க் கரண்டுக்கு மாற்றும் சுவிட்ச் பூட்டுவதுதான் வழி.

மாறாக, பெற்றோல் ஜெனரேற்றரால் காரைச் சார்ஜ் செய்யப் பார்த்தால் பல சார்ஜர்கள் ஏர்த் பிழை என்று நிற்கும், ஏனென்றால் சிறு ஜெனரேற்றரின் நியூட்ரல் ஏர்த்தோடு இணைந்திருப்பதில்லை. அவசரத்துக்கும் அதை நம்பி இருக்க வேண்டாம்.

மாதக்கணக்கில் நிற்கும் கார்

வெளிநாட்டில் இருந்து ஆவணியில் வந்து ஓடிவிட்டுப் போகும் குடும்பங்களின் கார், வருடத்தில் பாதி சும்மா நிற்கும். பெரிய பற்றரியை 50 வீதத்தில் விட்டுவிட்டுப் போங்கள். நூறிலும் பத்திலும் விடுவது இரண்டும் கெடுதல். சார்ஜரைச் சுவரில் இருந்து கழற்றிவிடுங்கள். சிறிய 12 வோல்ற் பற்றரிதான் முதலில் சாகும். அது செத்தால் கதவும் திறக்காது, சார்ஜும் ஏறாது. பார்த்துக்கொள்ளும் உறவினர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை காரை ஒன் செய்து அரை மணித்தியாலம் வைத்திருக்கட்டும், ரயரில் காற்றையும் பார்க்கட்டும். வயல் ஓரத்து வீடு என்றால் போனற்றையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எலி வயரைக் கடித்திருந்தால், செம்மஞ்சள் நிற வயர் எதையும் கையால் தொடாமல், உயர் அழுத்த வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும்.